விளையாட்டும் வெகுளியும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே உவகைக்கு நிலைக்களனாவன நான்கு எனக் கூறப் புகுந்து, செல்வம், அறிவு, காதலின்பம் என்பவற்றோடு விளையாட்டையும் ஒன்றாக வைத்து எண்ணினார். யாற்றிலுங் குளத்திலுஞ் சோலையிலும் புகுந்து ஆடி மகிழ்தலை அதற்கு உதாரணமாகக் காட்டுவர் உரைகாரர். மாங்குளத்திலே குளத்துக்குங் குறைவில்லை, காட்டுக்குங் குறைவில்லை. ஆயினும், கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் கூடும் அச்சந்தியிலே பாடசாலை விட்டபின் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் மாணவரை நோக்குவோர், அவர்தம் ஆடுகளம் உள்ளங்கையளவினதான ஒரு கண்ணாடித் திரைக்குள்ளே அடங்கிவிட்டமையைக் காண்பர்.

இம்மாற்றத்துக்கு இரங்கி எழுதுவோர் பலர். அவ்விரங்கல் ஈண்டு வேண்டப்படுவதன்று. கணனி விளையாட்டு இன்று கதையும் ஓவியமும் இசையும் கட்டிடக் கலையும் ஒருங்கு கூடிய ஓர் ஆக்கமாகிவிட்டது. நாடகத்தையும் நாவலையும் ஆராய்வார் இதனை மாத்திரம் ஆராயாது விடுதற்கு நியாயம் யாதும் இல்லை. ஆராயுமிடத்து முதற்கண் எதிர்ப்படுவது ஒரு முரண். உவகைக்கு நிலைக்களனாகிய விளையாட்டு, அதனை மிகுதியும் விரும்பி ஆடுவாரிடத்தேயே, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வெகுளியை விளைத்து வருகின்றது. விலை கொடுத்தே பெறவேண்டிய சேர்க்கைகளும், 'சீசன் பாஸ்' எனப்படும் முன்விலைச் சீட்டும் அவ்வெகுளிக்குப் பெருங் காரணங்கள்.

கைப்பொருளைச் செலவிட மனமில்லாத இளைஞரின் கூச்சல் என்று அதனைத் தள்ளிவிடுதல் எளிது. பெற்றோர் பலரும் ஆசிரியர் சிலரும் அவ்வாறே தள்ளுகின்றனர். ஆனால் வெகுளிக்குந் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன் கூறினார். உறுப்பை அறுத்தல் ஒன்று. குடிகளுக்குக் கேடு சூழ்தல் மற்றொன்று; தன் கீழ் வாழ்வாரை நலிதல் என்றும் அதற்குப் பொருள் கூறுவர். வைதும் அடித்தும் அலைத்தல் பிறிதொன்று. இறுதியிலே நிற்பது கொலை. சிறுபிள்ளைச் சினம் வேறு, வெகுளி வேறு. தக்கதொரு காரணத்தைப் பற்றிப் பிறப்பதே மெய்ப்பாடாகும். ஆடுவோரின் சினம் இவற்றுள் ஒன்றனையேனும் பற்றி நிற்குமாயின் அதனைப் பொருட்படுத்தல் வேண்டும், நில்லாதாயின் விட்டுவிடலாம்.

குடிகளை நலிதலிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். வழக்கு அங்கேதான் மிகத் தெளிவாக உள்ளது. ஒரு விளையாட்டு வெளிவந்த பின்னர், அதனை ஆடுவோருள்ளே கைவல்லார் சிலர் அதன் உட்பகுதியைத் திறந்து, புதியதோர் ஊரையோ, புதியதொரு பாத்திரத்தையோ, புதிய கதையையோ இயற்றிச் சேர்ப்பதுண்டு. இச்சேர்க்கைக்கு 'மொட்' என்பது ஆடுவோரிடை வழங்கும் பெயர். மாற்றியமைத்தல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் அது. பெயர் புதிது, செயல் நமக்குப் புதிதன்று. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பது மரபு. வள்ளுவர் அவரை ஏவவுமில்லை. அவர் வள்ளுவர் மரபினர்க்கு இறை செலுத்தவுமில்லை. வன்னியிலே கோவலன் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் ஏட்டிலுள்ள பாட்டோடு தாமும் இரண்டொன்று கட்டிச் சேர்ப்பதுண்டு. மூலத்தை நேசிப்பவன் அம்மூலத்தின்மேல் தன் கையையும் வைத்துப் பார்க்க விரும்புகின்றான். அவ்விருப்பமே உரைக்கும் பிறப்பிடம், மொட்டுக்கும் பிறப்பிடம்.

'ஹாஃப்-லைஃப்' என்ற விளையாட்டின்மீது மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர் 1999ஆம் ஆண்டில் இயற்றிய சேர்க்கையே 'கவுண்டர்-ஸ்ட்ரைக்'. மூலத்துக்கு உரிய வால்வ் நிறுவனம் அச்சேர்க்கையைத் தன்னதாக்கிக்கொண்டு, இயற்றினோர்க்குத் தொழிலுங் கொடுத்து, 2000ஆம் ஆண்டிலே தனி விளையாட்டாக விற்பனைக்கு விட்டது. மூலத்தை அறியாதாரும் இன்று கவுண்டர்-ஸ்ட்ரைக்கை அறிவர். உரை மூலத்தினும் புகழ் பெற்றமைக்கு இஃதோர் உதாரணம். அன்று இதனைக் கண்டு ஆடுவோர் கிளர்ந்தெழவில்லை. பணம் இடையே புகுந்தமை மாத்திரம் வெகுளிக்குக் காரணமன்று என்பது இதனாற் பெறப்படும்.

இனி 'ஸ்கைரிம்' என்ற விளையாட்டுக்கு வருவோம். பெதெஸ்தா நிறுவனம் அதனை 2011 நவம்பர் 11ஆந் திகதி வெளியிட்டது. பனி மூடிய மலைநாடு ஒன்றிலே, நாகங்களோடு பொருது திரியும் வீரன் ஒருவனின் கதை அது. பரப்பிலே பெரியது, பிழையிலும் பெரியது. பாதியில் நின்றுபோகும் கதைகள், சுவருக்குள்ளே அகப்பட்டுக்கொள்ளும் பாத்திரங்கள் என்று அதிற் கிடந்த குறைகளை ஆடுவோரே கூடித் தேடித் திருத்தி, விலை பெறாது வழங்கினர். கணனியில் ஆடுவோர்க்கு ஒவ்வாதிருந்த பொருட்பட்டியலை 'ஸ்கை-யூஐ' என்ற சேர்க்கை செம்மை செய்தது. பதிப்பாசிரியன் பார்த்திருக்க வேண்டிய பிழைகளைப் படிப்போர் பார்த்துக் கொடுத்தனர் என்று சொன்னால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். நூலை விற்ற காசு அச்சகத்தானிடம் இருந்தது. பிழைதிருத்தியவனிடம் இருந்தது நூலின்மேல் வைத்த அன்பு.

2015 ஏப்பிரல் 23ஆந் திகதி வால்வ் நிறுவனம், 'ஸ்டீம்' என்னுந் தன் இணையக் கடையிலே ஸ்கைரிம் சேர்க்கைகளை இனி விலைக்கும் விற்கலாம் என அறிவித்தது. உழைத்தவனுக்கு ஊதியங் கிடைத்தல் நன்றுதானே என்று கேட்கலாம். கிடைத்த ஊதியத்தின் அளவைப் பார்த்தல் வேண்டும். விலையில் நூற்றுக்கு 30 கடைக்கு, 45 பெதெஸ்தாவுக்கு, சேர்க்கையை இயற்றினவனுக்கு 25. இப்பங்கீட்டை வன்னிக் கமக்காரன் ஒருவனிடங் காட்டினால் அவன் உடனே விளங்கிக்கொள்வான். நிலத்துக்கு உடையவனுக்கு ஏறக்குறையச் சரிபாதி. களத்திலே தராசு பிடித்தவனுக்கு முப்பது. உழுது விதைத்து, பரணிலே கண் விழித்து யானைக்குக் காவலிருந்தவனுக்குக் கால். அதுவும், அந்நிலத்தின் வரம்பையும் வாய்க்காலையும் முன்னரே கூலியின்றித் திருத்திக் கொடுத்தவன் அவன்.

வாங்குவோன் நிலையும் இதனிற் சிறந்ததன்று. வாங்கிய சேர்க்கை இயங்காவிடின் 24 மணித்தியாலத்துள் காசைத் திரும்பக் கேட்கலாம். மறுவாரம் வேறொரு சேர்க்கையோடு முரண்பட்டு அது நின்றுபோனால், இயற்றினவனுக்குப் பணிவாக ஒரு குறிப்பெழுதுமாறு கடைக்காரர் அறிவுரை கூறினர். நூற்றுக்கு 75ஐப் பெறுவோர் தலையில் எப்பொறுப்பும் இல்லை; நூற்றுக்கு 25ஐப் பெறுபவனே பொறுப்பனைத்துஞ் சுமப்பான். அரசிறை வாங்குபவன் குளத்தின் அணைக்கட்டையேனும் பார்த்தல் வேண்டும் அன்றோ? அதுவும் இல்லாத இறை இது.

இங்கே நம் இலக்கிய வரலாற்றோடு ஒப்பிடத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. கம்பராமாயணத்திலே பிற்காலத்தார் பாடிப் புகுத்திய செய்யுள்கள் பல. வெள்ளியம்பலத் தம்பிரான் என்பாரோடு சார்த்தி அவற்றை வெள்ளிபாடல் என வழங்குவர். அவை மூலத்தோடு கலந்துவிட்டமையால் எது கம்பன் வாக்கு, எது பிறர் வாக்கு எனப் பிரித்தறிதல் பதிப்பாசிரியர்க்குப் பெருந் தொல்லையாயிற்று. மிகைப்பாடல் என ஒதுக்கியவரும் உளர், டி. கே. சிதம்பரநாத முதலியாரைப்போலத் துணிந்து ஆயிரக்கணக்கிற் கழித்தவரும் உளர். சேர்க்கையின்மேற் சேர்க்கை ஏறும் மொட்டுகளின் நிலையும் அதுவே. ஒருவன் இயற்றிய அசைவுகளை மற்றொருவன் எடுத்தாள்வான். அவன் கட்டிய வீட்டை வேறொருவன் தன் ஊரிலே கொண்டுபோய் வைப்பான். இலவசமாக வழங்கிய காலத்தில் ஒரு நன்றிச் சொல்லோடு இவை முடிந்தன. விலை வைத்த அன்றே உரிமை வழக்கு எழுந்தது. ஸ்கைரிமிலே மீன்பிடித்தலைப் புகுத்திய ஒரு சேர்க்கை, முதலில் விற்பனைக்கு வந்தவற்றுள் ஒன்று. வேறொருவர் இலவசமாக வழங்கிய கருவியின்மீது அது தங்கி நின்றமையாற் பூசல் மூண்டது. விற்பனைக்கு வந்து சில நாளுள் அது விலக்கப்பட்டது. வெள்ளிபாடல் பாடியோர் செய்யுளுக்கு இவ்வளவு காசு என்று கேட்டிருப்பின், கம்பன் பதிப்புக்கள் இன்றும் நீதிமன்றத்திலேதான் கிடந்திருக்கும்.

ஆடுவோர் கிளர்ந்தனர். விண்ணப்பம் ஒன்றிலே 130,000க்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். வால்வ் தலைவர் கேப் நியூவெல் தாமே பொதுக்களத்துக்கு வந்து வினாக்களுக்கு விடையிறுத்தும் சினந் தணியவில்லை. ஏப்பிரல் 27ஆந் திகதி, தொடங்கி நான்காம் நாள், திட்டங் கைவிடப்பட்டது. கொடுத்த காசு முழுவதும் மீள அளிக்கப்பட்டது. நெடுங்காலமாக நிலைபெற்ற ஒரு சமூகத்தினுள்ளே இத்தகையதொன்றைப் புகுத்துவதன் விளைவைத் தாம் நன்கு உணரவில்லை என்று நிறுவனத்தாரே ஒப்புக்கொண்டனர். பெருவணிகர் நான்கு நாளிலே பிழையை ஒப்புக்கொள்ளுதல் அடிக்கடி நிகழ்வதன்று.

எனினும் ஆடுவோர் செய்தன யாவும் சரி எனக் கூறல் நடுநிலையாகாது. தம் சேர்க்கைக்கு விலை வைத்த ஆக்கியோர் பலர் அந்நான்கு நாளிலும் இழிசொற்களால் வையப்பட்டனர். நெடுநாள் உழைத்து வழங்கியவனை, ஒரு தரம் காசு கேட்டதற்காகத் துரோகி என்றல் என்ன நியாயம்? இறை விதித்தவனை விட்டு, அயல் வீட்டுக் கமக்காரன்மேற் கல்லெறிந்த கதை அது. பரிசிலாய்ப் பெற்றுப் பழகியோர்க்குப் பரிசில் உரிமையாகத் தோன்றிவிடும். புலவர்க்குப் பசி உண்டு என்பதைப் புரவலர் மறந்ததுபோல இங்கே ஆடுவோர் மறந்தனர்.

அதன்பின் பெதெஸ்தா வேறு வழியிற் சென்றது. 2017இல் சேர்க்கை இயற்றுவோர் சிலரைத் தானே தெரிந்து, ஊதியங் கொடுத்து, சரிபார்த்து விற்குங் கழகம் ஒன்றை நிறுவியது. 2023 டிசம்பரிலே அதனை விரித்து, ஆக்கியோர் தாமே விலை வைத்து விற்க இடங்கொடுத்தது. பொறுப்பு ஓரளவு ஏற்கப்பட்டமையால் முன்னைய கொதிப்பு இல்லை. ஆயின் 2024 ஜூனில் 'ஸ்டார்ஃபீல்ட்' என்ற தன் புதிய விளையாட்டிலே, ஒரு கதைத் தொடரின் முதற் பகுதியை இலவசமாய்க் கொடுத்து, அடுத்த ஒரு சிறு பகுதிக்கு ஏறத்தாழ 7 டொலர் கேட்டபோது பழைய முணுமுணுப்பு மீண்டது. அது சேர்க்கைபற்றியதன்று. உறுப்பு அறுத்தல் பற்றியது.

உறுப்பறுத்தலின் தொடக்கத்தை 2006 ஏப்பிரலிலே காணலாம். அந்நிறுவனத்தின் 'ஒப்லிவியன்' வெளிவந்து ஒரு மாதமுஞ் சரியாக நிறையுமுன், வீரனின் குதிரைக்கு அணிவிக்கும் ஒரு கவசம் விற்பனைக்கு வந்தது. எக்ஸ்பொக்ஸ் கருவியில் விலை இரண்டரை டொலர். அக்கவசத்தாற் கதை வளரவில்லை, குதிரை மினுங்கியது. சிரித்தவர் பலர், வாங்கினவரும் பலர். இன்றளவும் 'குதிரைக் கவசம்' என்பது ஆடுவோரிடை ஒரு பழமொழியாகவே வழங்குகின்றது. பின்னர் இவ்வாறான துண்டுகள் பெருகவே, இன்னும் இயற்றப்படாத துண்டுகள் அனைத்துக்குஞ் சேர்த்து விளையாட்டு வெளிவரும் நாளிலேயே காசு வாங்கும் முறை 2011 அளவில் நிலைகொண்டது. அதுவே சீசன் பாஸ்.

சீசன் என்ற சொல் நம் மாணவர்க்குப் பழக்கமானது. போக்குவரத்துச் சபையிலே மாதத் தொடக்கத்திற் பெறும் பஸ் சீசனை மாங்குளத்து மாணவர் எல்லாரும் அறிவர். அதுவும் முன்காசுதான். ஆனால் வீதி முன்னரே உள்ளது. பஸ் நேற்றும் வந்தது. போய்ச் சேருமிடம் யாவர்க்குந் தெரியும். விளையாட்டுச் சீசனோ வீதி வெட்டுமுன்னரே விற்கப்படுவது. எவ்வூருக்குப் போகும் என்பதைக்கூட விற்போர் பல வேளை சொல்வதில்லை. 'பேட்மன்: ஆர்க்கம் நைட்' என்ற விளையாட்டுக்கு 2015இல் 40 டொலர் விலையுள்ள சீசன் பாஸ் அறிவிக்கப்பட்டபோது, உள்ளே இன்னின்ன இருக்கும் என்பதற்குப் பொதுப்படையான சில வாக்கியங்களே இருந்தன. அவ்வாண்டு ஜூனிலே விளையாட்டு வந்தது. கணனிக்குரிய பதிப்பு ஓட முடியாத நிலையில் இருந்தமையால் அதன் விற்பனை நிறுத்தப்பட்டு, ஒக்டோபரிலேயே மீண்டது. உறுப்புக்களுக்கு முன்காசு பெற்றாயிற்று. உடல் எழுந்து நிற்கவில்லை.

முன்காசு பெறுதலே பிழை எனின், தமிழ்ப் பதிப்புலகம் முழுவதையும் குற்றக் கூண்டில் ஏற்றல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பெருநூல்கள் பல கையொப்பத்தினால் அச்சேறின. வாங்க விரும்புவோர் முன்னரே தம் பெயரைப் பதிந்து உதவுதலைக் கையொப்பம் என்றனர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது கையொப்பக்காரரைத் தேடி அலைந்த செய்தியைத் தம் சரித்திரத்திலே எழுதியுள்ளார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சிட்டுப் பெற்றது புகழேயன்றிப் பொருளன்று. ஆயினும் இவ்விரு முறைக்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஐயர் கையொப்பங் கேட்டபோது ஏடு கையில் இருந்தது. இன்ன நூல், இன்னார் உரை என்பது சொல்லப்பட்டிருந்தது. நட்டம் வரின் அது பதிப்பித்தவர் தலையில். நாமகள் இலம்பகத்தை ஒரு விலைக்குக் கொடுத்து, முத்தியிலம்பகம் வேண்டின் வேறு விலை என்று அவர் கேட்கவில்லை.

தொடர்கதையை எடுத்துக்காட்டி மறுப்போரும் உளர். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் துண்டு துண்டாகத்தானே வந்தது, அதற்கு வாசகர் வெகுண்டனரா என்பர். வெகுளவில்லை, ஆவலோடு காத்திருந்தனர். அவ்வாரத்துக்குரிய பகுதிக்கு அவ்வாரம் காசு. பிடியாதவன் அடுத்த வாரம் வாங்காது விட்டான். 1950இலேயே 1954இன் அத்தியாயத்துக்கு விலை கேட்டாரில்லை. சாமிநாதையரின் சரித்திரமும் ஆனந்த விகடனில் வந்துகொண்டிருக்கும்போதே 1942 ஏப்பிரலில் அவர் மறைந்தமையால் நடுவிலே நின்றது. எழுதாத அத்தியாயங்களுக்கு எவரிடமும் அவர் கடன்பட்டிருக்கவில்லை. முன்விலைச் சீட்டு ஆசையைக் கடனாக்குகின்றது. கடன் கொடுத்தவனோ வாடிக்கையாளன்.

இதன் தீங்கு விளையாட்டின் வடிவத்திலே தெரிகின்றது. 'ஃபோல்அவுட் 4' என்ற விளையாட்டின் சீசன் பாஸ் 30 டொலருக்கு விற்கப்பட்டு, 2016 மார்ச்சு முதல் 50 டொலராக உயர்ந்தது. வாக்களித்ததற்கு மேலாகவே தந்தோம் என்றனர். வந்தவை ஆறு, அவற்றுட் பாதி, வீடு கட்டுதற்கும் கூண்டு அமைத்தற்குமான தளவாடங்கள். 'ஃபார் ஹார்பர்' என்ற ஒரு பகுதி உண்மையிலேயே சிறந்த கதை; அதனைத் தனியே விற்றிருப்பினும் வாங்கியிருப்பர். 2015 நவம்பரில் வந்த 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட்' இன்னும் ஒரு படி கீழே சென்றது. 60 டொலர் விளையாட்டுக்கு 50 டொலர்ச் சீட்டு. தனித்து ஆடுதற்குக் கதை இல்லை. கூடி ஆடுவதற்கான புதிய களங்கள் சீட்டில்லாதார்க்குத் திறவா. ஆதலின் நேற்று ஒருங்கு ஆடிய நண்பர் இருவர் இன்று வேறு வேறு களத்தில் நின்றனர். கூடி ஆடுதற்கென்றே பிறந்த ஒன்றினுக்கு இதனினும் பெரிய ஊனம் இல்லை. அறுக்கப்பட்டது விளையாட்டின் உறுப்பு மாத்திரமன்று. ஆடுவோர் கூட்டத்தின் உறுப்பும் ஆம்.

இதற்கு மாறாக, முன்காசு வாங்கியும் பழி பெறாத ஒரு நிகழ்ச்சி உண்டு. போலந்து நாட்டுச் சீடி புரொஜெக்ட் நிறுவனம் 2015 மே மாதம் வெளியிட்ட 'விச்சர் 3' என்ற விளையாட்டுக்கு 16 சிறு சேர்க்கைகள் விலையின்றி வழங்கப்பட்டன. பெருங் கதைப்பகுதி இரண்டுக்கு 25 டொலரில் முன்விலைச் சீட்டும் இருந்தது. ஆனால் அறிவிப்பிலேயே, ஐயம் உள்ளவர் இப்பொழுது வாங்க வேண்டா. மூல விளையாட்டை ஆடிப் பார்த்தும், பகுதிகள் வந்தபின் மதிப்புரைகளைப் படித்தும் முடிவு செய்க என்றனர். மூலம் தன்னளவிலே முழுமை பெற்றிருந்தது. இரண்டு பகுதியும், சிறப்பாக 2016இல் வந்த 'பிளட் அண்ட் வைன்', தனி விளையாட்டு எனத்தக்க அளவின. எவரும் அதனை உறுப்பறுத்தல் என்னவில்லை. அந்நிறுவனமே 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077'ஐ அரைகுறையாக வெளியிட்டு வசை வாங்கியது வேறு கதை. நல்லாசிரியர்க்கும் ஒரு நூல் சறுக்குவதுண்டு.

ஆகவே, ஆடுவோரின் சினம் விலையைப் பற்றியதன்று, முழுமையைப் பற்றியது. தம் கையில் இருப்பது முழு நூலா, கிழித்தெடுத்த நூலா என்பதே அவர் கேட்கும் வினா. இலக்கியத் திறனாய்வின் முதல் வினாவும் அதுவே. காப்பியத்துக்கு உறுப்புக்கள் இன்னின்ன என்று தண்டியாசிரியர் வகுத்ததும், நாற்பொருளிற் குறைபட்டதனைப் பெருங்காப்பியம் என்னாமையும் எக்காரணம் பற்றியோ, அக்காரணம் பற்றியே ஸ்கைரிமையும் ஃபோல்அவுட்டையும் ஆடுவோர் வாதிடுகின்றனர். அவர்க்குக் கலைச்சொற்கள் இல்லை, உணர்வு உண்டு.

அலைத்தல் என்பதைப் பற்றி மிக விரித்தல் வேண்டா. அது நம் கண்முன் நிகழ்வது. கைத்தொலைபேசியில் ஆடப்படும் 'ஃப்ரீ ஃபயர்', 'பப்ஜி' முதலியவற்றை இறக்கிக்கொள்ள விலையில்லை. சீட்டுக்குத்தான் விலை. வாங்கிய சீட்டுக்கும் உரிய அணிகலனைப் பெறவேண்டின், நாள்தோறும் ஏவிய பணிகளை முடித்தல் வேண்டும். குறித்த நாள் கழிந்தால் முடியாதது போயிற்று. காசும் கொடுத்து, கூலியின்றி வேலையுஞ் செய்தல் விளையாட்டு எனப் பெயர் பெறுவது இக்காலத்திலேதான். பிள்ளை படியாது அதனையே பற்றி நிற்கின்றான் எனப் பெற்றோர் நோவர். சீட்டுக் காலாவதியாகும் என்ற அச்சத்தினாலேயே அவன் பற்றி நிற்கின்றான் என்பதைப் பலர் அறியார். வன்னி மாணவனுக்கு இன்னொரு சுமையும் உண்டு. சீட்டின் விலை டொலரைப் பற்றியது. 2022 மார்ச்சுத் தொடக்கத்திலே 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. பத்து டொலர்ப் பொருளுக்கு 2,000 ரூபாவாக இருந்தது 3,600 ரூபாவாயிற்று. விளையாட்டிலோ ஒரு வாளுங் கூடவில்லை. கடன்மட்டை இல்லாத வீட்டுப் பிள்ளை கடைக்காரனையோ, வெளிநாட்டிலுள்ள மாமனையோ வேண்டி நிற்பான். மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற வீட்டிலே இந்த வேண்டுதல் எவ்வாறு கேட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அலைப்புண்டவன் பிள்ளை மாத்திரமல்லன்.

கொலை எஞ்சி நிற்கின்றது. இந்திய அரசு 2020 செப்டெம்பர் 2ஆந் திகதி பப்ஜியையும், 2022 பெப்ரவரியிலே ஃப்ரீ ஃபயரையும் தடைசெய்தபோது, தமிழ்நாட்டிலே சீட்டு வாங்கி வைத்திருந்த சிறுவர்க்கு விளையாட்டும் சீட்டும் ஒருங்கே போயின. அது அரசின் செயல். நாட்டுப் பாதுகாப்பு என்ற காரணங் கூறப்பட்டது. விற்றவனே கொல்லுதல் அதனிற் கொடிது. 'டெஸ்டினி 2' என்ற விளையாட்டிலே 2018இல் விலைக்கு விற்ற 'ஃபோர்சேக்கன்' என்ற கதைப்பகுதி 2022 பெப்ரவரியிலே விளையாட்டினின்றும் அகற்றப்பட்டது. வாங்கினவன் புத்தகத்திலிருந்து நூலாசிரியன் ஓர் அதிகாரத்தைக் கிழித்துக்கொண்டு போவதோடு இதனை ஒப்பிடலாம். யுபிசொஃப்ட் நிறுவனம் 2014இல் விற்ற 'த குரூ' என்ற மோட்டார்ப் பந்தய விளையாட்டு, நிறுவனத்தின் கணனியோடு தொடர்பின்றி இயங்காதவாறு செய்யப்பட்டிருந்தது. 2024 மார்ச்சு 31ஆந் திகதி அக்கணனியை நிறுத்தினர். சீட்டு வாங்கினவன், வாங்காதவன் என்ற வேற்றுமை அன்றோடு ஒழிந்தது; ஒருவரும் ஆட முடியவில்லை. அதன்மேல் எழுந்த இயக்கத்துக்கு 'விளையாட்டைக் கொல்லாதே' என்ற பொருளிலேயே பெயர் வைத்தனர். வெகுளிக்குரிய நிலைக்களனைத் தொல்காப்பியம் படியாதாரும் சரியாகவே பெயரிட்டுவிட்டனர். ஐரோப்பிய ஒன்றியத்திடம் அவர் விடுத்த விண்ணப்பத்தில் ஒப்பமிட்டோர் தொகை 2025 ஜூலையிலே பத்து இலட்சத்தைத் தாண்டியது. கலிபோர்னியா மாநிலம், இத்தகைய பொருளை விற்போர் வாங்குவோனுக்குக் கிடைப்பது உரித்தன்று, பயன்படுத்தும் அனுமதி மாத்திரமே என்பதைத் தெளிவாகச் சொல்லுமாறு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. உண்மையைச் சொல் என்கின்றது அச்சட்டம், கொல்லாதே என்னவில்லை.

செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் கரையானோடும் காலத்தோடும் போட்டியிட்டனர். த குரூவை ஆடியோர்க்குப் போட்டி நூலை விற்றவரோடே. அவருட் சிலர், நிறுத்தப்பட்ட கணனி முன்னர் அனுப்பிய செய்திகளை ஆராய்ந்து, அதன் வேலையைச் செய்யும் வேறொரு நிரலைத் தாமே இயற்றினர். 2025 செப்டெம்பரில் அது வெளிவந்தது. பழைய பிரதியை வைத்திருப்போர் அதன் துணைகொண்டு இன்று அவ்விளையாட்டை ஆடுகின்றனர். அதற்கு அவர்கள் விலை வைக்கவில்லை.